கூரைமேல் எறிந்த பல்

நம் அயலில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள், மாலை வகுப்பு முடிந்து சைக்கிளில் விரைந்து வந்தவன், ஒழுங்கை முடக்கில் நாயொன்று குறுக்கிடவே, மதிலில் முகம் மோத விழுந்தான். உதட்டுக் காயம் நாலு நாளில் ஆறிவிட்டது. ஆனால் மேல்வரிசை முன்பற்களில் ஒன்று சரிபாதியில் உடைந்து போயிற்று. உடைந்த துண்டைத் தங்கை பொறுக்கி வந்து ஆச்சியிடம் கொடுத்தாள். ஆச்சியோ, விழுந்த பல்லைக் கூரைமேல் எறியும் வழக்கத்தை மறவாதவர். அதனை வாங்கி ஓட்டின்மேல் எறிந்துவிட்டார்.

பாற்பல்லுக்கு அவ்வழக்கம் பொருந்தும். ஏழெட்டு வயதில் முளைக்கும் முன்பல்லோ ஆயுள் முழுவதற்கும் உரியது. அதன் இடத்தில் வேறொன்று முளைப்பதில்லை.

அன்றிரவு அவ்வீட்டில் ஆலோசனை நடந்தது. "பிடுங்கிவிட்டுக் கட்டுப்பல் வைத்தாற் போகிறது" என்றார் பெரியப்பா. சிறுவன் யாரோடும் பேசவில்லை. கையால் வாயைப் பொத்தியபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பிடுங்குவதற்கு நம்மவர் காட்டும் அவசரத்தை நாம் ஒருபோதும் விளங்கிக்கொண்டதில்லை. வேர் உறுதியாக நிற்கும் பல்லை, மேற்பாதி உடைந்ததற்காகக் களைவது, ஓடு உடைந்ததற்காக வீட்டை இடிப்பது போன்றதன்றோ?

மறுநாட் காலை பல் வைத்தியர் கேட்ட முதற் கேள்வி, "உடைந்த துண்டு எங்கே?" என்பதுதான். உடனே ஏணி வைத்துத் தேடினார்கள். நல்ல காலமாக அது பீலியிற் கிடந்தது. உலர்ந்திருந்த துண்டை வைத்தியர் உப்புநீரில் ஊறவைத்தார். உடைந்த விளிம்போடு பொருத்திப் பார்த்தார். பின்னர் பசையிட்டு ஒட்டினார். நீலநிற ஒளி பட்டதும் பசை இறுகிற்று. ஒரு மணி நேரத்துள் வேலை முடிந்தது.

இவ்வற்புதத்தின் பின்னே ஒரு சிறிய வரலாறு உண்டு. 1847இல் இங்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்த மண் இது. ஆதலால் பல்லின் வெண்மேற்பூச்சை மிளிரி என்று தமிழிற் கூற நாம் தயங்கவேண்டியதில்லை. அம்மிளிரி கண்ணாடிபோல் வழவழப்பானது. எப்பசையும் அதில் நிலையாது. 1955இல் அமெரிக்கப் பல் வைத்தியர் மைக்கேல் புவோனகோர், பொஸ்பரிக் அமிலத்தை மிளிரியிற் சிறிது நேரம் பூசிக் கழுவினால், கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் தோன்றும் என்றும், பிசின் அக்குழிகளுட் புகுந்து வேரூன்றிக்கொள்ளும் என்றும் காட்டினார். அம்மி பொளிந்தபின் மிளகாய் வழுக்காமல் அரைபடுவதை ஒப்பிட்டுக்கொள்க. 1960களின் தொடக்கத்தில் ரபேல் போவன் என்பவர் கண்ணாடித் துகள் கலந்த புதுப் பிசினை ஆக்கினார். பல்லின் நிறத்திலேயே குழைத்து, இழந்த பகுதியை உருவாக்கும் வித்தை இவ்விருவரின் வழியில் வந்ததேயாகும். துண்டு அகப்படாதவர்க்கும் இப்பிசினால் பல்லை நிறைவாக்கலாம். ஆனால் அது அழியாப் பொருளன்று. தேநீரும் வெற்றிலையும் அதனைக் கறைப்படுத்தும். சில ஆண்டுகளில் புதுப்பிக்கவும் நேரும்.

முழுப்பல்லையும் மூடும் உறையைப் பெற்றோர் சிலர் பிள்ளைகளுக்கு உடனே கேட்கிறார்கள். இளம்பல்லின் உட்கூழ் அகன்றிருப்பதால், உறைக்காகப் பல்லைத் தேய்ப்பது கூழுக்கே கேடாகலாம். வளர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம். உடைந்த இடத்திற் சிவப்புப் புள்ளி தெரிந்தாலோ, கூழ் வெளிப்பட்டுவிட்டது என்பது பொருள். அன்றே வைத்தியரிடம் செல்லவேண்டும்.

பல் உடையாமல் வேரோடு கழன்று விழுவதும் உண்டு. அப்போது வேரைத் தொடாமல் வெண்பகுதியைப் பிடித்தெடுத்து, அழுக்கிருந்தால் ஒரு கணம் கழுவி, குழியிலேயே திரும்ப வைத்துவிடலாம். அஃது இயலாவிடின் பாலில் இட்டு ஓடவேண்டும். அரைமணி நேரத்துட் சென்றால் பல் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். தண்ணீரில் இட்டு வைத்தலாகாது. வேரைத் தேய்த்துச் சுத்தஞ் செய்தலும் ஆகாது. பாற்பல்லாயின் திரும்ப வைக்கக்கூடாது; உள்ளே வளரும் பல்லை அது ஊறுபடுத்தும்.

அடிபட்டுப் பல ஆண்டுகளின் பின் ஒரு பல் மட்டும் கருமையடைதலும் உண்டு. கலியாணப் பேச்சு வரும் வேளையிலேதான் வீட்டார் அதனைக் கவனிப்பர்! அதுவும் பிடுங்கவேண்டிய பல்லன்று. இறந்த கூழை அகற்றி வேரை அடைத்தபின், உட்புறமாகவே வெளுக்கச் செய்யலாம்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும், பருத்தித்துறை, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைகளிலும் பல் வைத்தியப் பிரிவுகள் உள்ளன. அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசம். தனியாரிடம் செல்வோர் செலவை முன்கூட்டியே கேட்டறிதல் நன்று.

நம் அயற் சிறுவனை அண்மையில் மறு பரிசோதனைக்கு அழைத்துச் சென்றார்கள். நரம்பு உயிரோடிருக்கிறதாம், எனினும் இன்னும் சில தடவை வந்து காட்டவேண்டுமாம். புழுக்கொடியலை முன்பல்லாற் கடிக்கலாகாது என்பது வைத்தியரின் கண்டிப்பான கட்டளை. ஆகையால் ஆச்சி இப்பொழுது அதனை உரலில் இட்டு இடித்துத் தேங்காய்ச் சொட்டுடன் கொடுக்கிறார்.