மீன்களை எண்ணும் கப்பல்!



நாட்டில் எத்தனை பேர் என்று அறிய, வீடு வீடாக வந்து கணக்கெடுப்பர். கடலுக்குள் எவ்வளவு மீன் என்று யார் கணக்கெடுப்பது?

அந்த ஆய்வுக்காக மத்திய அரசு வாங்கிய கப்பல் தான், 'சாகர் சம்பதா!' டென்மார்க் நாட்டில், 1984ல் கட்டப்பட்டது. நீளம், 71.5 மீட்டர், கிரிக்கெட்டில் ஒரு நல்ல சிக்சர் தூரம். கொச்சியிலிருந்து கிளம்பி, அரபிக்கடலையும், வங்கக்கடலையும் அலசியது.

செயற்கைக்கோள், கடல்பரப்பின் வெப்பத்தையும், நிறத்தையும் சொல்லும். ஆழத்தில் நீந்தும் மீனைப் பார்க்காது. கப்பல் தான் போக வேண்டும். அதிலிருந்து ஒலி அலையை அனுப்பினால், மீன் கூட்டத்தில் பட்டுத் திரும்பும். பின், வலையை இறக்கி, சிக்கிய மீன்களை அளப்பர். சினை இருக்கிறதா என்று பார்ப்பர். மீனின் தலைக்குள் குட்டியூண்டு காதுக்கல் உண்டு. மரத்தில் இருப்பது போல அதிலும் வளையங்கள். எண்ணினால் வயது தெரியும்!

எந்த மீன், எந்த வயதில், எந்த மாதத்தில் முட்டையிடும் என்று தெரிந்தால் தான், எப்போது வலை வீசக் கூடாது என்று சொல்ல முடியும். தமிழகத்தின் கிழக்குக் கரையில், ஏப்ரல் 15 முதல், 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்பது, மீன்கள் இனம் பெருகத் தான். அந்நாட்களில் படகுத் தொழிலாளர் வீட்டில் வருமானம் இராது. அவர்களைக் கட்டிப் போடும் விதி, சரியான கணக்கில் நிற்க வேண்டாமா? இத்தகைய கப்பலுக்கு ஆகும் செலவை, வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

மீன் மார்க்கெட் போனால், வஞ்சிரத்தைக் கவனியுங்க. ஒரு மீட்டருக்கு மேல் வளரக் கூடியது. சாண் நீளத்தில் கிடந்தால், அது முட்டையே போடாத குஞ்சு. நெத்திலியைப் பார்த்து பதறாதீங்க... அது வளர்ந்தாலும் அவ்வளவு தான்!

அன்புடன்,
ஆசிரியர்.