இமயமலைக்கு லீவு எத்தனை நாள்?

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள், அதை ஒட்டி ஒரு சனி, ஞாயிறு, கூடவே கேஷுவல் லீவு மூன்று. மொத்தம் ஏழு நாள். சேலத்திலும் நாமக்கல்லிலும் இமயமலைத் திட்டங்கள் பெரும்பாலும் காலண்டரை வைத்துத்தான் தொடங்குகின்றன. பனியில் நின்று நண்பர் எடுத்த படம் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். அன்று ராத்திரியே ஒரு குரூப் உருவாகும். எந்த ஷூ நல்லது, ஜாக்கெட் வாடகைக்குக் கிடைக்குமா, அங்கே சாப்பாடு எப்படி என்று நூறு செய்திகள் ஓடும். எந்த நாள் எந்த உயரத்தில் தூங்கப்போகிறோம் என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாமக்கல் அதைவிடவும் தாழ்வு. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். எழுபது வளைவுகள் கொண்ட கொல்லிமலை உயரத்தில் ஏற்காட்டை எட்டாது. உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். அதாவது, இந்தப் பக்கத்து மலைகளில் எத்தனை வருடம் ஏறி இறங்கினாலும், மெல்லிய காற்று என்றால் என்னவென்று உடம்புக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

'மேலே ஆக்ஸிஜன் கிடையாது' என்று பொதுவாகச் சொல்வார்கள். சேலத்துக் காற்றில் 21 சதவீதம் ஆக்ஸிஜன் என்றால், எவரெஸ்ட் உச்சியிலும் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். லடாக்கின் லே நகரம் சுமார் 3,500 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. 5,500 மீட்டரில் பாதி. இதைச் சமாளிக்க உடம்பு மூச்சின் வேகத்தைக் கூட்டும், சிறுநீரை அதிகம் வெளியேற்றும், ரத்தத்தின் தன்மையைச் சிறிது சிறிதாக மாற்றும். இதற்கெல்லாம் நாட்கள் வேண்டும். ஜிம்முக்குப் போகிறவர் என்பதற்காகவோ, இருபது வயது என்பதற்காகவோ அந்த வேலை சீக்கிரம் முடிந்துவிடாது. பலசாலி இளைஞர்கள்தான் வேகமாக ஏறி முதலில் படுத்துக்கொள்கிறார்கள் என்று வழிகாட்டிகள் அலுத்துக்கொள்வது உண்டு.

மலையேற்ற மருத்துவர்கள் சொல்லும் கணக்கு எளிது. 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், முந்தின ராத்திரி தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் அடுத்த ராத்திரி தூங்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரே இடத்தில் தங்க வேண்டும். பகலில் உயரமாகப் போய்விட்டுத் திரும்பலாம். கணக்கில் வருவது தூங்கும் இடம்தான்.

நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகிறவர்கள் 2,860 மீட்டரில் இருக்கும் லுக்லாவில் விமானம் இறங்குவார்கள். அங்கிருந்து 3,440 மீட்டரில் உள்ள நாம்சே பஜார் போய் இரண்டு ராத்திரி தங்குவார்கள். 4,410 மீட்டரில் உள்ள டிங்போச்சேயில் மறுபடி இரண்டு ராத்திரி. 5,364 மீட்டரில் இருக்கும் முகாமைத் தொட்டுவிட்டு வர பன்னிரண்டு நாள் ஆவது இதனால்தான். கால் வலிக்கு ஓய்வு என்று நினைத்து, அந்த இரண்டு நாளை வெட்டி லீவை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள் ஏராளம். விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார். தமிழ்நாட்டிலிருந்து அதைச் செய்த முதல் பெண் அவர். அப்படிப்பட்ட பயணத்துக்குச் சுமார் இரண்டு மாதம் ஆகும். அதில் பெரும் பகுதி, மேலே போய்க் கீழே வந்து, மறுபடி மேலே போய் உடம்பைப் பழக்குவதிலேயே கழியும்.

அப்படியானால் உள்ளூர் மலைகளால் பயனில்லையா? நிறையவே உண்டு. நுரையீரலும் முழங்காலும் தயாராவது இங்கேதான்.

நாமக்கல் மலைக்கோட்டைப் பாறை 65 மீட்டர்தான். ஒருமுறை ஏறினால் வேடிக்கை. ஐந்து கிலோ பையை மாட்டிக்கொண்டு விடியற்காலையில் ஐந்தாறு முறை ஏறி இறங்கினால் பயிற்சி. கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். குளித்துவிட்டுத் திரும்பி ஏறும்போதுதான் தொடை பேச ஆரம்பிக்கும். இறங்கும்போது முழங்காலுக்கு மேலே இருக்கும் தசைக்கு வேலை கிடைக்கிறதே, அதுதான் முக்கியம். மலையில் பலரை முடக்கிப் போடுவது இறக்கம்தான். சங்ககிரி மலைக்கோட்டையும் நல்ல பயிற்சிக் களம். மூன்று மாதம் இருந்தால் போதும்: வாரத்தில் நான்கு நாள் வேக நடை அல்லது மெல்லோட்டம், ஞாயிற்றுக்கிழமை ஒரு மலை. 5 கிலோமீட்டரை 35 முதல் 40 நிமிடத்துக்குள் முடிக்க முடிகிறதா என்று மலையேற்ற நிறுவனங்கள் சில முன்கூட்டியே கேட்கின்றன. ஏப்ரல், மே மாதத்துச் சேலம் வெயிலில் ஏழு மணிக்கு மேல் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம்.

காட்டுப் பாதையில் நடக்க வனத்துறை அனுமதி அவசியம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் பரவிய காட்டுத்தீ, மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து போனவர்களும் அந்தத் தீயில் சிக்கினார்கள். 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் வழிகாட்டியுடன் திறக்கப்பட்டன. சேலம் மாவட்டமும் அதில் இருக்கிறது.

இதையெல்லாம் படிக்கும் அறுபது வயது அம்மாவோ அப்பாவோ, இது பிள்ளைகள் சமாச்சாரம் என்று கடந்து போகக்கூடும். அங்கேதான் பெரிய ஆபத்து. கேதார்நாத் கோயில் 3,583 மீட்டரில் இருக்கிறது. நடைபாதை தொடங்கும் கௌரிகுண்ட் சுமார் 2,000 மீட்டர். பதினாறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து, ஒரே நாளில் 1,600 மீட்டர் ஏறி, அன்று ராத்திரி அங்கேயே தூங்குகிறார்கள். மேலே சொன்ன கணக்குக்கு இது எந்த வகையிலும் அடங்காது. ஹெலிகாப்டரில் போனால் கால் வலிக்காது, ஆனால் அந்த உயரத்தை உடம்பு சில நிமிடங்களில் சந்திக்கிறது. சார்தாம் யாத்திரையில் ஆண்டுதோறும் பக்தர்கள் உயிரிழக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை இதயக் கோளாறால் நேர்பவை. டூர் பேக்கேஜ் நோட்டீஸில் 'மலையேற்றம்' என்ற வார்த்தை இருக்காது என்பதால், ஒரு ஈ.சி.ஜி. கூட எடுக்காமல் பஸ் ஏறிவிடுகிறார்கள்.

கைலாஷ் மானசரோவர் யாத்திரையின் நடைமுறையைப் பாருங்கள். 2020 முதல் நின்றுபோயிருந்த அந்த யாத்திரை 2025-ல் மீண்டும் தொடங்கியது. வயது 70-ஐத் தாண்டக் கூடாது, உடல் நிறைக் குறியீடு 25-க்கு மேல் போகக் கூடாது. டெல்லியில் ஒரு மருத்துவப் பரிசோதனை, மேலே போகும் வழியில் இன்னொன்று. சரியில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கேதார்நாத்துக்கோ அமர்நாத்துக்கோ போகும் பெரியவர்களுக்கு இந்தக் கண்டிப்பை வீட்டிலேயே பிள்ளைகள் காட்டலாம். அமர்நாத் குகை 3,888 மீட்டர்; அதற்கு மருத்துவச் சான்றிதழ் கட்டாயம். தெரிந்த டாக்டரிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போவது தன்னையே ஏமாற்றிக்கொள்கிற வேலை.

ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் மாத்திரையை இரண்டு பையில் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. ஒரு பை கோவேறு கழுதையில் போய் முகாமுக்குத் தாமதமாக வரலாம். இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும். அதைச் சட்டைக்குள், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை பார்க்கும் கருவியும் கடுங்குளிரில் தப்பாகக் காட்டக்கூடும்.

உயர நோயைத் தடுக்க 'டயமாக்ஸ்' என்ற மாத்திரை இருக்கிறது. யாருக்கு, எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை அவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். விரல் நுனி மரத்த மாதிரி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா குடித்தால் ருசி மாறியிருக்கும். பயப்பட வேண்டாம். அந்த மாத்திரை உடம்பு பழகுவதற்கு உதவும், அவ்வளவுதான். ஓய்வு நாளுக்கு ஈடாகாது.

தலைவலியோடு குமட்டல், களைப்பு, தலைசுற்றல் சேர்ந்து வந்தால் அது உயர நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் வந்த அலுப்பு என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மேலே ஏறக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குடித்தவர் மாதிரி நடை தள்ளாடினாலோ ராத்திரி என்றும் பார்க்காமல் கீழே இறக்க வேண்டும். நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்டி ஒட்டி நடக்கச் சொன்னால் தெரிந்துவிடும். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை எடுத்துப் போகலாம். 4,000 மீட்டரில் 85 காட்டினால் அலற வேண்டியதில்லை. 90 காட்டுகிறது என்பதற்காக, தள்ளாடுகிறவரை மேலே கூட்டிப் போகவும் கூடாது.

துணிமணி விஷயத்தில் ஒன்றே ஒன்று. பள்ளிபாளையமும் குமாரபாளையமும் இளம்பிள்ளையும் நெசவால் வாழ்கிற ஊர்கள். பருத்தி இந்தப் பகுதியின் பெருமை. ஆனால் பனியில் பருத்தி எதிரி. வேர்வையை உறிஞ்சிவைத்துக்கொண்டு காயாமல் உடம்பைக் குளிரவைக்கும். பனியன் முதல் சாக்ஸ் வரை கம்பளியோ செயற்கை இழையோதான் வேண்டும். ஷூவைப் பயணத்துக்கு முந்தின வாரம் வாங்குவதைவிட, பழைய ஷூவில் போவது மேல்.

சாப்பாட்டுக்கு இட்லிப் பொடியும் புளிக்காய்ச்சலும் போதும். 3,500 மீட்டரில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் குக்கர் இல்லாமல் சோறு சரியாக வேகாது. பசியும் மந்தமாகிவிடும். முகாமில் அவித்த முட்டை கிடைத்தால் நாமக்கல்காரர்கள் கொஞ்சம் தெம்பாவார்கள்.

2024 ஜூனில் உத்தரகாண்டின் சஹஸ்திர தால் ஏரிப் பாதையில், 4,000 மீட்டருக்கு மேல், கர்நாடகத்திலிருந்து போன மலையேற்றக் குழுவினர் பனிப்புயலில் சிக்கினார்கள். ஒன்பது பேர் திரும்பவில்லை. இறந்தவர்களில் எழுபதைக் கடந்தவரும் உண்டு. மலை நடையில் பழக்கமில்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்லிவிட முடியாது. மேலே வானிலை ஒரு மதியத்துக்குள் மாறிவிடும். அப்போது காத்திருக்கவோ திரும்பவோ கையில் நாள் இருக்க வேண்டும்.

முதல்முறை போகிறவர்கள் பலர் தேர்ந்தெடுப்பது 3,810 மீட்டர் உயரமுள்ள கேதார்காந்தா. சாங்க்ரி கிராமத்திலிருந்து ஏறி இறங்க நான்கைந்து நாள். டேராடூனிலிருந்து சாங்க்ரிக்கு மலைச் சாலையில் ஒரு முழு நாள், திரும்ப இன்னொன்று. சேலத்தில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறினால் டெல்லி சேர மூன்றாம் நாள். ரயிலில் போய் வந்தால் இரண்டு வாரம் கேட்கும், விமானத்தில் போனாலும் ஒன்பது பத்து நாள். ஆயுத பூஜை லீவு எப்படிக் கூட்டினாலும் போதாது. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அன்று காலை போகும் டிக்கெட்டைப் போட்டுவிட்டு, திரும்பும் டிக்கெட்டுக்கு வரும்போது, இறங்கும் தேதியிலிருந்து இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். லீவு லெட்டரிலும் அந்த இரண்டு நாளை இப்போதே சேர்த்து எழுதிவிடுங்கள்.