யார் வீட்டிலிருந்து?

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தது, நூலகங்கள் பூட்டப்பட்டன. தொற்றைத் தடுக்க அது தேவைதான். ஆனால் மோடி அரசோ தேசிய மின்னணு நூலகத்தின் இணைய முகவரியைக் காட்டி, வீட்டிலிருந்தே படியுங்கள் என்றது. யார் வீட்டிலிருந்து? அரசின் 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படியே, இணைய வசதியுள்ள கிராமப்புறக் குடும்பங்கள் சுமார் 15 சதவீதம்!

கேரளம் வேறு வழி கண்டது. ஜூன் 1 அன்று விக்டர்ஸ் தொலைக்காட்சியில் பாடங்கள் தொடங்கின. தொலைக்காட்சி இல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊர் நூலகங்களே வகுப்பறைகளாயின. அங்கும் தொடக்கத்தில் விடுபட்டோர் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. எனினும், தேடிச் சென்று சேர்க்க ஊருக்குள் ஒரு நூலகம் இருந்தது. 1945இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களோடு தொடங்கிய மக்கள் இயக்கம் தந்த கொடை அது. ஒன்றிய அரசு முதலில் ஊராட்சிதோறும் நூலகருக்கு ஊதியம் தரட்டும். இணைய முகவரிகளைப் பிறகு அனுப்பலாம்.