கயிற்றின் கடைசி நுனி

மட்டாஞ்சேரியின் கூனன் குருசு (வளைந்த சிலுவை) சத்தியத்தைப் பற்றி நேற்று எதையோ தேடப்போய் மறுபடி வாசித்தேன். தெரிந்த கதைதான். மயிலாப்பூருக்கு வந்த சிரிய ஆயர் மார் அகத்தல்லாவைப் போர்த்துகீசியர் கொச்சியில் கரையிறங்க விடவில்லை. கடலில் மூழ்கடித்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது (உண்மையில் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள்). கொதித்துப்போன கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்கள், இனி சேசு சபையாருக்குக் கீழ்ப்படிவதில்லை என்று 1653 ஜனவரி 3 அன்று சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். எனக்கு அந்தக் கயிறுதான் மனசில் நிற்கிறது. சிலுவையைத் தொட எட்டாதவர்களுக்காக அதில் கயிறுகளைக் கட்டி நாலா பக்கமும் நீட்டினார்களாம். பாரம் தாங்காமல் சிலுவையே சாய்ந்தது என்பார்கள். தலைமை ஏற்ற அர்க்கதியாக்கோன் (தலைமைத் திருத்தொண்டர்) தோமாவை மே மாதம் ஆலங்காட்டில் 12 குருமார் தலையில் கைவைத்து ஆயராக்கினார்கள்; அவர் பெயர் சரித்திரத்தில் ஏறிவிட்டது. கயிற்றின் கடைசி நுனியைப் பிடித்தவர் யாரோ, ஒரு மிளகுக் குடியானவர் என்றே வைத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கு அடங்கி நடப்பதுதான் கடவுளுக்குப் பிரியம் என்று காலமெல்லாம் கேட்டு வளர்ந்தவருக்கு, அன்று அடங்க மறுப்பதே பக்தியானது. எதிர்த்தரப்பில் சேசு சபைப் பேராயர் கார்சியாவும் தேவசித்தத்தைக் காப்பதாகத்தான் நம்பியிருப்பார். சத்தியம் முடிந்து ஊர் திரும்பிய அந்த மனிதர் மறுவாரம் கூலியாளுக்கு நெல்லைக் குறையாமல் அளந்தாரா? எந்த ஏட்டிலும் இல்லை. எனக்கென்னவோ சத்தியத்தைவிட அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆசை.