எண்ணச் சொன்னால் ஒப்புவிக்கிறான்!



முதலாம் ஆண்டில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் பலர் பெருமை பொங்கக் கூறுவது இது: "சார், நம்ம பையன் நூறு வரைக்கும் இங்கிலீசுலயே சொல்லுவான்!"

நானும் மகிழ்வேன். பிறகு மேசை மேலுள்ள கூழாங்கற்களில் ஏழு கற்களை எடுத்துத் தருமாறு அப்பிள்ளையைக் கேட்பேன். கைநிறைய அள்ளித் தரும்! நூறு வரை ஒப்புவிக்கும் வாய்க்கு ஏழு எவ்வளவு என்று தெரியவில்லை. இது பிள்ளையின் குற்றமா? இல்லவே இல்லை. ஒப்புவித்தலையே எண்ணுதல் என்று நம்பிய நம் குற்றம்.

ரோச்செல் கெல்மன், காலிஸ்டல் ஆகிய உளவியலாளர் இருவர் 1978இல் வெளியிட்ட நூலில் எண்ணுதலின் அடிப்படைகளை வகுத்துக் கூறினர். ஒரு பொருளுக்கு ஒரே எண்பெயர். எண்பெயர்களின் வரிசை மாறாது. இறுதியாகச் சொன்ன எண்ணே மொத்தம். நம் பிள்ளைகளுக்கு வரிசை மட்டும் வாய்த்திருக்கிறது, மற்றவை வாய்க்கவில்லை. பொருளைத் தொட்டு எண்ணாத பிள்ளைக்கு அவை எவ்வாறு வாய்க்கும்?

அடுத்தது மொழி. பதினொன்று என்னும் சொல்லிலேயே பத்தும் ஒன்றும் இருக்கின்றன. இருபது என்றால் இரு பத்து. 'இலெவன்', 'டுவெல்வ்' என்னும் சொற்களில் பத்து எங்கே தெரிகிறது? முக்கோணம் என்றாலே மூன்று கோணம் என்று பிள்ளைக்கு விளங்கிவிடும். தொண்ணூறு சற்று முரண்டு பிடிக்கும், மறுக்கவில்லை. ஆயினும் இத்துணைத் தெளிவான கருவியை மூலையில் போட்டுவிட்டு இரவல் கருவியைத் தேடுவானேன்?

2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டபோது தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு உட்பட்டன. அத்திட்டத்தைக் கைவிடும் முடிவை 2009இல் அரசு அறிவித்தது. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் அறிமுகமாகித் தமிழ்ப்பள்ளிகளை எட்டியபோது மீண்டும் எதிர்ப்புக் குரல் எழுந்தது. பள்ளியில் தமிழில் கணிதம் வேண்டும் என்று முழங்கும் நாமே, வீட்டில் 'ஒன், டூ, திரீ' என்று தொடங்குவது முறையா? ஆங்கிலம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. எண்ணிக்கை விளங்கிய பிள்ளைக்கு அதன் ஆங்கிலப் பெயர் சில கிழமைகளில் வந்துவிடும். பெயரை மட்டும் அறிந்த பிள்ளைக்கு எண்ணிக்கை தானாக வாராது.

"நேரமில்லை" என்பீர்கள். இதற்குத் தனி நேரம் எதற்கு? தட்டில் வைக்கும் இட்டிலியை எண்ணச் சொல்லுங்கள். "மொத்தம் எத்தனை?" என்று மறவாமல் கேளுங்கள். வாசற்படியை எண்ணிக்கொண்டே ஏறுங்கள். தோசை வட்டம், கதவு செவ்வகம். அட்டையில் முக்கோணம் வெட்டித் தலைகீழாகத் திருப்பிக் காட்டுங்கள். அப்போதும் அது முக்கோணமே என்று பிள்ளை கூற வேண்டும். கோலம் போடுகையில் புள்ளிகளை அதன் விரலால் தொட்டு எண்ணச் செய்யுங்கள்.

தானா ராத்தாவைச் சூழ்ந்துள்ள இம்மலைகளில் நம் பாட்டிமார் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளினர். ஏடு அறியாத கைகளும் எண்ணிக்கை அறிந்திருந்தன. அவர்தம் பேரப்பிள்ளைகள் கைப்பேசியைப் பார்த்து எண்களைப் பாடிக்கொண்டிருக்கின்றனர்.

பெற்றோரே, இன்றிரவு உணவு வேளையில் தொடங்குங்கள். ஏழு கடலையை எடுத்துத் தரச் சொல்லிப் பாருங்கள். விடை உங்கள் உள்ளங்கையில் இருக்கும்!