'ஒய்' தட்டும் முன் ஒரு நிமிடம்!

லினக்ஸை அப்டேட் செய்ய ஆப்ட் நல்லதா, டிஎன்எஃப் நல்லதா? பலரும் வேகத்தை வைத்தே இதற்குப் பதில் சொல்கிறார்கள். வீட்டு உபயோகிப்பாளருக்கு வேகத்தைவிடப் பாதுகாப்புதான் முக்கியம் என்பது என் கருத்து.

சென்னை சி-டாக் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. எனவே அதில் இருப்பது ஆப்ட். டெர்மினலில் 'சூடோ ஆப்ட் அப்டேட்' என்று கொடுத்தால் பேக்கேஜ்களின் பட்டியல் மட்டுமே புதுப்பிக்கப்படும். ஒரு புரோகிராம்கூட மாறாது. இத்துடன் நிறுத்திவிட்டால் பாதுகாப்பு ஓட்டைகள் அப்படியே இருக்கும். அடுத்து 'சூடோ ஆப்ட் அப்கிரேட்' கொடுக்க வேண்டும். இது நிறுவியுள்ள எந்தப் பேக்கேஜையும் நீக்காது. 'ஃபுல்-அப்கிரேட்' கொடுத்தால், தேவைப்பட்டால் சிலவற்றை நீக்கிவிடும்.

ஃபெடோராவில் உள்ள டிஎன்எஃப், பட்டியல் பழையதாகியிருந்தால் தானே புதுப்பித்துக்கொண்டு, 'அப்கிரேட்' என்ற ஒரே கட்டளையில் வேலையை முடிக்கிறது. புதியவர்களுக்கு இதுவே எளிது என்பேன். அதற்காக பாஸை அழித்துவிட்டு ஃபெடோராவுக்கு மாற வேண்டியதில்லை. ஆப்டில் இரண்டு கட்டளைகள், அவ்வளவுதான்.

எதைப் பயன்படுத்தினாலும், எவையெல்லாம் நீக்கப்படும் என்று திரையில் வரும் பட்டியலைப் படித்துவிட்டு 'ஒய்' தட்டுங்கள்.