மினுக்கம் வேற, கறள் வேற

2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்ததும், "பெயின்ட் ப்ரொடெக்ஷன் போடுங்க, உப்புக்காற்று ஒண்ணும் செய்யாது" என்ற பேச்சு குறிஞ்சிப்பிட்டிக்கும் வந்துவிட்டது.

அவசரப்படாதீங்க. அந்தப் பூச்சு மினுக்கம் தரும், கழுவ லேசு, அவ்வளவுதான். கறள் தொடங்குவது உப்பும் ஈரமும் தங்குகிற அடித்தகட்டில், மட்கார்ட் உள்பக்கத்தில், கதவின் அடிவிளிம்பில். மினுக்கப் பூச்சு அங்கே போவதில்லை. கறளுக்கும் உத்தரவாதம் உண்டா என்று எழுத்தில் கேளுங்க.

அந்தக் காசில் அடிப்பக்கத்துக்கு அண்டர்கோட் அடிங்க. கிழமைக்கு ஒருதரம் நல்ல தண்ணியால அடியையும் சேர்த்துக் கழுவுங்க. கல் பட்ட கீறலை உடனே மூடுங்க.

கரைக்கு வந்ததும் வாப்பாமார் போட் எஞ்சினை நல்ல தண்ணியில கழுவுறதைப் பார்த்து வளர்ந்தவங்க நாங்க. அதுக்கு யாரும் பெக்கேஜ் விற்கல்ல.